வீட்டு ஜெல் நெயில் கிட்டு, ஒட்டு நகம், கல்யாண மேக்கப்பு: எதுக்குக் காசு குடுக்கலாம், எதுக்கு வேண்டாம்

மொதல்லயே தீர்ப்பச் சொல்லிடறேன், பாதில எந்திரிச்சுப் போறவங்களுக்கு ஆகும். ஆயிரத்து இருநூறு ரூவா சொச்சத்துக்கு ஆன்லைன்ல விக்கறாங்களே, யுஎஸ்பில சொருகற குட்டி லைட்டு, ஆறு கலர் ஜெல், அடில பூசற பேஸ் கோட், மேல பூசற டாப் கோட், நகம் தேய்க்கற அட்டை, நகத்த மழமழன்னு ஆக்கற பஃபர், புள்ளி வெக்கற குச்சின்னு ஒரு ஜிப்பு பையில போட்டு, அந்தக் கிட்டு தெனசரி நகத்துக்கு வேண்டாமுங்க. கல்யாணம், சீரு, நோம்பின்னு ரெண்டு மூணு விசேஷம் ஒட்டுக்கா வர்ற சீசனுக்குன்னா சரி. ஒரே ஒரு ரிசப்ஷனுக்குன்னா எரநூறு ரூவாக்குள்ள கெடைக்கற ஒட்டு நகமே போதும். பிராண்டு பேரு எழுதல, ஏன்னா அதே டப்பா, அதே லைட்டு, அதே ரோஸ் பையி, மேல ஒட்டுன ஸ்டிக்கர் மட்டும் மாறி நாலஞ்சு பேர்ல வருது. நான் வாங்குனதும் எங்க நங்கையா வாங்குனதும் வேற வேற பேரு, உள்ள பாட்டில் மூடி கூட ஒரே அச்சு.

நான் திருப்பூர்ல பனியன் கம்பெனில மெர்ச்சண்டைசிங்ல இருக்கறேன், பாதி நாளு செக்கிங் டேபிள்ல தான் நிக்கோணும், வீட்டுக்கு வந்தா சமையலும் பாத்தரமும் என் கைல தான். இத ஏன் சொல்றேன்னா, யூடியூப்ல நெயில் போட்டுக் காட்டறவங்க யாரும் அடுத்த நாளு கொழம்பு சோறு பெசஞ்சு சாப்படறதக் காட்டறதில்ல. நம்ம கைக்கு எது நிக்கும்ங்கறது தான் இங்க கேள்வி.

சரி, லைட்டுக்கு வர்றேன். ஜெல்லுங்கறது சாதா நெயில் பாலிஷ் மாதிரி காத்துல காயறது இல்ல. சாதா பாலிஷ்ல இருக்கற கரைப்பான் ஆவியாப் போனா காஞ்சுரும், அவ்ளோதான். ஜெல் உள்ள இருக்கறது அக்ரிலேட்டு வகை சரக்கு, கூட லைட்டப் பாத்தா வேல செய்யற ஒரு கெமிக்கல் இருக்கும், 365லருந்து 405 நானோமீட்டர் பக்கம் இருக்கற யுவி வெளிச்சம் பட்டா தான் அது இறுகும். லைட்டு பத்தாட்டி மேல கெட்டியாயிரும், உள்ள கொழகொழன்னு கெடக்கும், நம்ம கண்ணுக்குத் தெரியவே தெரியாது. இந்தக் கிட்டுல குடுக்கற மவுஸ் சைசு லைட்டு ஆறு வாட்ஸு. பேப்பர்ல 60 செகண்டுன்னு போட்டிருக்கான், 60 செகண்டுல நகத்த குச்சியால அழுத்துனா தடம் விழுது. ரெண்டு தடவ ஓட விட்டா தான் கெட்டியாகுது, கருநீலம் மெரூன் மாதிரி அடர்ந்த கலருக்கு இன்னும் எச்சா வேணும், ஏன்னா கலர் அடர்த்தியா இருந்தா வெளிச்சம் உள்ள எறங்காது. அப்பறம் ஒண்ணு, நாலு வெரல வெச்சுட்டு கட்ட வெரலையும் சேத்து உள்ள விட்டா கட்ட வெரல் நகம் சாஞ்சு நிக்கும், வெளிச்சம் ஒரு பக்கமாவே படும். அதனால நாலு வெரலு ஒரு தடவ, கட்ட வெரலு தனியா. ரெண்டு கைக்கும் பேஸ், ரெண்டு கோட்டு கலரு, டாப்புன்னு கணக்குப் போட்டீங்கன்னா ஒரு சீரியலும் நியூசும் முடிஞ்சு போகும், நெம்ப பொறும வேணும்.

கோட்டு மெல்லுசா இருக்கோணும். மொத கோட்டுல திட்டு திட்டா, நகம் தெரியற மாதிரி தான் இருக்கும், அதப் பாத்துட்டு மேல மேல அப்புனா சுருங்கி மடிப்பு விழும். நகத்தோட நுனி வெளிம்புலயும் ஒரு இழுப்பு இழுத்து விடோணும், இல்லாட்டி பாத்தரம் தேய்க்கறப்ப நுனில இருந்து தான் எந்திரிக்கும். போடறதுக்கு முன்னாடி கைய ஊற வெக்காதீங்க, பாத்தரம் கழுவிட்டு வந்த கையோட ஒக்காராதீங்க. நகம் தண்ணிய உறிஞ்சி சித்த உப்பும், காஞ்சப்பறம் பழயபடி சுருங்கும், அப்ப மேல இருக்கற ஜெல்லு பிடிமானம் விட்டுரும். பார்லர்ல போட்டது நிக்குது நாம போட்டது நிக்கமாட்டிங்குதுன்னு சொல்றவங்க பாதிப்பேருக்கு வெவகாரம் இங்க தான் இருக்குது, பாட்டில்ல இல்ல. மெடிக்கல்ல சர்ஜிக்கல் ஸ்பிரிட்டு வாங்கி பஞ்சுல தொட்டுத் தொடச்சுட்டு ஆரம்பிங்க. ஹேண்ட் சானிடைசர் வேண்டாம், அதுல கிளிசரின் மாதிரி வழவழப்பு சேத்திருப்பாங்க.

இந்தக் கிட்டு மேல எனக்கு இருக்கற பெரிய கொற லைட்டு கூட இல்ல, லேபிள். பாட்டில்ல உள்ள என்ன இருக்குதுன்னே போடல. நம்ம நாட்டு காஸ்மெட்டிக்ஸ் ரூல்ஸ் 2020 படி தயாரிச்சவங்க பேரு, லைசென்ஸ் நம்பரு, பேட்ச் நம்பரு, எந்தத் தேதிக்குள்ள உபயோகிக்கோணும்ங்கறது எல்லாம் லேபிள்ல வரோணும், வெளிநாட்டு சரக்குன்னா எறக்குமதி ரிஜிஸ்ட்ரேஷன் நம்பரு. இதுல பூ படமும் கலர் நம்பரும் மட்டும் தான். லேபிளு ஏன் முக்கியம்னா, ஜெல்லுல ஹெமாங்கற ஒரு அக்ரிலேட்டு பரவலா சேக்கறாங்க, காயாத ஜெல்லு தோல்ல பட்டுட்டே இருந்தா அலர்ஜி வரலாம். வெரல் நுனி அரிக்கும், செவந்து தோலு உரியும், நகம் சதைய விட்டு எந்திரிக்கும். ஒருக்கா வந்துருச்சுன்னா ஆயுசுக்கும் போகாது, அதவிட மோசம், பல் டாக்டர் அடைக்கற சிமெண்ட்டுல, ஆஸ்பத்திரில உபயோகிக்கற சில பசையில எல்லாம் இதே குடும்பத்துச் சரக்கு இருக்கறதால அங்கயும் தொந்தரவு குடுக்கலாம். அதனால சதை மேல வழிஞ்சா லைட்டுல வெக்கறதுக்கு முன்னாடியே குச்சில பஞ்சு சுத்தி தொடச்சுருங்க. வழிஞ்சதோட காய வெச்சு அப்பறமா பிச்சுக்கலாம்ங்கற பேச்சே வேண்டாம். இன்னொண்ணு டிபிஓன்னு சுருக்கமா சொல்ற ஒரு கெமிக்கல், ஜெல்ல இறுக வெக்கறதுக்குப் போடறது, அத ஐரோப்பிய யூனியன்ல 2025 செப்டம்பர் 1லருந்து நகப்பூச்சுல சேக்கக்கூடாதுன்னு நிறுத்திட்டாங்க. பாட்டில்ல சரக்குப் பட்டியலே இல்லாதப்ப நாம வாங்கறதுல அது இருக்குதா இல்லையான்னு எப்படித் தெரியும்? பேஸ் கோட்டும் டாப் கோட்டும் மட்டும் பட்டியல் அச்சடிச்ச, ஹெமா இல்லன்னு போட்ட பாட்டிலா தனியா வாங்குங்க, நகத்த ஒட்டி இருக்கறது பேஸ் தான்.

யுவி பத்தியும் கேப்பீங்க. 2023ல அமெரிக்காவுல ஒரு ஆராய்ச்சி வந்துச்சு, நெயில் லைட்டு வெளிச்சத்த லேப்ல உயிர் செல்லுங்க மேல காட்டுனப்ப டிஎன்ஏல சேதாரம் இருந்துச்சுன்னு. அது லேப்ல செஞ்சது, ஆளுங்க கைய வெச்சுப் பாத்தது இல்ல, அதனால பயந்து ஓட வேண்டியதில்ல, ஆனா வாரா வாரம் வெக்கறதும் வேண்டாம். தோல் டாக்டருங்க சொல்றது கைக்கு சன்ஸ்கிரீன் போடுங்க, இல்லாட்டி வெரல் நுனி வெட்டுன கிளவுஸ் போடுங்கன்னு. நமக்கென்னங்க, திருப்பூர்ல கட்டிங் வேஸ்ட்டுக்கா பஞ்சம், ஒரு பழைய கிளவுஸ் நுனிய நறுக்கிட்டேன். சன்ஸ்கிரீன் நகத்து மேல பட்டா ஜெல்லு ஒட்டாது, அதுக்கு இதுவே மேலு.

இப்ப மஞ்சளுக்கு வருவோம், யாருமே எழுதாத விஷயம். ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு குடுத்தாங்க, பெருமை தான், ஆனா நகத்துக்கு அது எமன். வெளுத்த ரோஸ், தோல் நெறத்துல வர்ற நியூடு, பிரெஞ்சு வெள்ளை இந்த மாதிரி கலர் போட்டுட்டு ஒரே ஒரு நாளு அரிசிம்பருப்பு சாதத்துக்குத் தாளிச்சு, கையால பெசஞ்சு சாப்பிட்டீங்கன்னா, டாப் கோட்டு மேல ஒரு மஞ்சப் படலம் ஏறிரும். எங்க அமுச்சி ஊர்ல இருந்து வந்திருந்தாங்க, என் கையப் புடிச்சு வெளிச்சத்துல திருப்பிப் பாத்துட்டு, "ஏஞ்சாமி, காமால கீமால வந்துருச்சா, கீழாநெல்லி அரைச்சுத் தரட்டுமா"ன்னு கேட்டாங்க. சோப்புப் போட்டு எவ்ளோ தேய்ச்சாலும் போகாது, ஏன்னா மஞ்சள்ல இருக்கற கலரு தண்ணில கரையாது, ஸ்பிரிட்டுல கரையும். அந்த சர்ஜிக்கல் ஸ்பிரிட்ட பஞ்சுல தொட்டு ஒரு நிமிஷம் அழுத்தித் தொடைங்க, முக்காவாசி வந்துரும். மிச்சம் வெயில்ல போயிரும், வெள்ளை வேட்டில பட்ட மஞ்சக்கறை வெயில்ல மங்கறது தெரியுமில்ல, அதே கணக்கு. ஒட்டு நகத்துக்கும் இதே பாடு தான். சமைக்கறவங்க மெரூன், செங்கல் கலரு, அரக்கு, கடுகுப் பச்சை இப்படி எடுங்க, மஞ்சள் ஏறுனாலும் தெரியாது, நம்ம நெறத்துக்கும் எடுப்பா இருக்கும்.

கழட்டறது தனிக் கதை. கிட்டுல ஏழெட்டு ரிமூவர் பாக்கெட்டு குடுக்கறான், அது ரெண்டு கைக்கும் பத்தாது. மேல இருக்கற டாப் கோட்ட அட்டையால லேசாத் தேய்ச்சு பளபளப்ப எடுத்துட்டு, அசிட்டோன்ல நனைச்ச பஞ்ச நகத்து மேல வெச்சு, சமையக்கட்டு அலுமினிய ஃபாயில்ல சுத்தி பத்துப் பதினஞ்சு நிமிஷம் விட்டா மேலாக்க எந்திரிச்சு நிக்கும், குச்சியால தள்ளிக்கலாம். வராத எடத்துல மறுபடி ஊற வெக்கோணும். என் சித்தி பொண்ணு இருக்கறா, ஓரத்துல சித்த எந்திரிச்சா போதும், பஸ்ல போறப்பவே ஒவ்வொண்ணா உரிச்சுப்போடுவா, இப்ப அவ நகம் மேல் தோலு போயி காயிதமாட்டம் வளையுது. கைநகம் மாசத்துக்கு மூணு மில்லிமீட்டர் பக்கம் தான் வளரும், முழுசா புது நகம் வர ஆறு மாசமாகும், அதுவரைக்கும் அவ அடுத்த கல்யாணத்துக்கும் சேத்து நகத்த மறைச்சுட்டே தான் திரியோணும். அசிட்டோன் சட்டுனு தீப்புடிக்கும், சமையக்கட்டுல அடுப்பெரியறப்ப ஒக்காந்து பண்ணாதீங்க. பிளாஸ்டிக் வளையல், கவரிங்குல ஒட்டுன கல்லு, டைனிங் டேபிள் பாலிஷு எல்லாத்தையும் மங்கடிச்சுரும், அடில எவர்சில்வர் தட்டம் வெச்சுக்குங்க.

ஒட்டு நகம் தான் எனக்கு மனசுக்கு நெறவு. 24 நகம் வரும், சைசு வாரியா, கடைல வெலை 120லருந்து 300 வரைக்கும் இருக்குது. ஒவ்வொரு வெரலுக்கும் நகம் வெச்சுப் பாத்து, ரெண்டு சைசுக்கு நடுவுல வந்தா பெருசா இருக்கறத எடுத்து ஓரம் தேய்ச்சுக்குங்க. சின்னத வெச்சா அகலம் பத்தாம ஓரத்துல நம்ம நகம் தெரியும், பக்கத்துல இருந்து பாத்தா காட்டிக் குடுத்துரும். நீளமாத்தான் வருது எல்லாமே, நான் நகவெட்டில வெட்டாம அட்டையால தேய்ச்சே பாதியாக்கிக்கறேன், வெட்டுனா கீறல் விடும். நீளமாவே விட்டா தாம்பாளத்துல இருந்து ஒரு வெத்தல எடுக்க முடியாது, மல்லிப்பூச் சரத்த ஹேர்பின்ல சொருக முடியாது.

ஒட்டறதுக்கு ரெண்டு வழி. ஒண்ணு ஜெல்லி மாதிரி ரெண்டு பக்கமும் ஒட்டற ஸ்டிக்கரு, ஒரு பொழுதுக்கு ஆகும், வெதுவெதுன்னு சோப்புத் தண்ணில கைய வெச்சா கழண்டு வந்துரும், நகத்த மறுபடி உபயோகிக்கலாம். போர் தண்ணில கை கழுவுறவங்களுக்கு சோப்புப் பிசுக்கு நகத்து மேல படிஞ்சு ஸ்டிக்கரு நிக்காது, கோயமுத்தூர்ல சிறுவாணித் தண்ணிக்காரங்களுக்கு அந்தத் தொல்லை இல்ல, மத்தவங்க அதுக்கும் ஸ்பிரிட்டு தான். இன்னொண்ணு சின்ன டியூப்ல வர்ற பசை. அது நல்லா பல நாளைக்கு நிக்கும், ஆனா ஒண்ணு கவனிங்க, அது ஃபெவிக்விக் ஜாதி சயனோஅக்ரிலேட்டு. பஞ்சுத்துணில சிந்துனா சுள்ளுனு சூடாயிரும், தோலு வெந்து போற அளவுக்கு. காட்டன் நைட்டியப் போட்டுட்டு மடில வெச்சு ஒட்டாதீங்க, சிந்துனத பனியன் துணியாலயோ பஞ்சாலயோ அழுத்தித் தொடைக்காதீங்க. நம்ம ஊர்ல எல்லா வீட்டுலயும் கைக்கு மொதல்ல ஆப்படறதே பனியன் துணி தான், அதனால தான் இவ்ளோ சொல்றேன். டேபிள்ல நியூஸ்பேப்பர் விரிச்சு வேலையப் பாருங்க.

தெனசரிக்கு சாதா நெயில் பாலிஷ், கட்டையா வெட்டுன நகத்துல ரெண்டு கோட்டு, முடிஞ்சுது. செக்கிங்ல சிங்கிள் ஜெர்சிங்கற மெல்லுசான பனியன் துணிய விரிச்சுத் தடவிப் பாக்கறப்ப நகம் நீளமா இருந்தா, இல்ல ஓரம் பிசிறா இருந்தா நூலு இழுத்துரும், அப்பறம் அந்தப் பீசு ரிஜெக்ட்டு, ஃப்ளோர்ல எல்லாரும் நம்ம மூஞ்சியப் பாப்பாங்க. பாட்டில ஆட்டாம உள்ளங்கைல வெச்சு உருட்டுங்க, காத்துக்குமிழி வராது. ராத்திரி வேல எல்லாம் முடிஞ்சு படுக்கறதுக்கு ஒரு மணி நேரமாச்சும் முன்னாடி போடுங்க, தொட்டா காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள இறுக நேரமாகும், ஒடனே படுத்தா போர்வைத் தடம் விழுந்துரும்.

மேக்கப்பு பத்தி தெனசரிக்கு நெம்ப ஒண்ணும் இல்ல. சன்ஸ்கிரீன், கண்ணு ஓரத்துல தேவைப்பட்டா கருப்ப மறைக்கற கன்சீலர் சித்த, கண்மை, ஒதட்டுக்கு லேசா கலர் ஏத்தற டின்ட்டு, பொட்டு. ஒதட்டு டின்ட்டையே கன்னத்துல ரெண்டு பொட்டு வெச்சு தட்டி விட்டா ஷேர் ஆட்டோல எறங்கறப்ப மூஞ்சி சோந்து தெரியாது. இதுக்கு மேல கம்பெனிக்கு ஏதாச்சும் போட்டா மதியம் டையிங் யூனிட் பக்கம் ஒரு நடை போயிட்டு வந்தா எல்லாம் வழிஞ்சுரும்.

விசேஷத்துக்குத் தான் யோசிக்கோணும். தம்பி கல்யாணத்துல இணைச்சீர் எனக்கு, மாப்பளையோட அக்கா தங்கச்சிய வெச்சு செய்யற சீரு அது, மாப்பள பக்கத்துலயே ஒக்காந்திருக்கோணும், கேமரா மூஞ்சியும் கையும் சுத்தியே இருக்கும். பார்லர்ல கெஸ்ட் மேக்கப்புக்கே நாலாயிரம் கேட்டாங்க, சேலை கட்ட தனி, தலை பின்ன தனி. நானே போட்டுக்கறேன்னுட்டேன். காசு போட வேண்டியது ஃபவுண்டேஷன்ல இல்ல, ஆரஞ்சு கலர் கரெக்டர்ல. நம்ம மாநெறத்துக்கு, கண்ணுக்குக் கீழ இருக்கற கருப்பு நீலம் கலந்த சாம்பலாட்டம் இருக்கும், அது மேல நேரா வெளுத்த கன்சீலர் வெச்சா சாம்பல் பூசுன மாதிரி ஆயிரும். ஆரஞ்சு அந்த நீலத்த அடக்கிரும், மோதர வெரலால கடுகளவு வெச்சுத் தட்டி, அது மேல நம்ம நெறத்துல மெல்லுசா ஒரு கோட்டு. வாய் ஓரத்துக் கருப்புக்கும் இதே தான்.

ஃபவுண்டேஷன் ஷேடு பாக்கறப்ப கடைக்காரப் பையன் மணிக்கட்டுல தடவிக் காட்டுவான், விடாதீங்க. தாடை ஓரத்துல தடவிட்டு கடைய விட்டு வெளிய வந்து பகல் வெளிச்சத்துல பாருங்க, பத்து நிமிஷம் கழிச்சும் ஒருக்கா பாருங்க, சிலது காத்துப்பட்டு ஒரு ஷேடு கருத்துரும். கோயமுத்தூர் டவுன்ஹால்ல பெரியகடை வீதிய ஒட்டுன சந்துகள்ல ஃபேன்சி சாமான் கடைங்க இருக்கறதுல எனக்குப் புடிச்சதே இதுதான், நாலு எட்டு வெச்சா வெயிலு. மால்ல மஞ்ச லைட்டுக்கு அடில எல்லாமே நல்லாத்தான் இருக்கும். மேபிலின் ஃபிட் மீங்கற ஃபவுண்டேஷன்ல 310, 330 நம்பர் ஷேடு பக்கம் நம்மாளுங்க பலபேருக்கு ஒத்து வரும், ஆனா வெள்ளையாத் தெரியோணும்னு வெளுத்த 128 எடுத்துட்டு வந்து கழுத்து ஒரு கலரு மூஞ்சி ஒரு கலருன்னு நிக்கறவங்கள மண்டபத்துல எத்தன பேரப் பாக்கறோம்.

போட்டோ எடுக்கற விசேஷத்துக்கு ஜிங்க், டைட்டானியம் எச்சா இருக்கற சன்ஸ்கிரீனும் வெள்ளை சிலிக்கா பவுடரும் வேண்டாம், ஃப்ளாஷ் அடிச்சா அந்தத் துகளு வெளிச்சத்தத் திருப்பியடிச்சு மூஞ்சி மட்டும் வெள்ளை வெளேர்னு வரும். கண்ணாடில தெரியாது, ஆல்பத்துல தான் தெரியும், அப்ப ஒண்ணும் பண்ண முடியாது. போட்டு முடிச்சதும் லைட்ட அணைச்சுட்டு ஃபோன்ல ஃப்ளாஷ் போட்டு ஒரு போட்டோ எடுத்துப் பாத்துருங்க. பவுடரு நெத்தி, மூக்கு, தாடைக்கு மட்டும், கன்னத்துக்கு வேண்டாம். அதிகால முகூர்த்தம்னா மூணு மணிக்கு எந்திரிச்சு மேக்கப்பு போடறப்ப நகமும் சேத்துப் போட நேரம் கெடையாது, நகத்த முந்தின நாளு பொழுதோட முடிச்சு வெச்சுருங்க, அதுவும் சேலைக்கு ஊக்கு குத்தற வேல எல்லாம் முடிஞ்சப்பறம்.

கிட்டே வாங்கறதுன்னு முடிவு பண்ணவங்களுக்கு ஒண்ணு. லைட்ட மட்டும் தனியா 24 வாட்ஸுக்குக் கொறையாம, 365ம் 405ம் நானோமீட்டர் ரெண்டும் இருக்கற மாதிரி, அஞ்சு வெரலும் தட்டையா வெக்கற அகலத்துல பாத்து வாங்கிட்டு, கலரு ரெண்டே ரெண்டு எடுத்தீங்கன்னா அதே காசுக்கு வந்துரும். வாங்கற ஜெல்லுக்கு எந்த லைட்டு சொல்லியிருக்காங்கன்னும் பாத்துக்குங்க, லைட்டும் ஜெல்லும் ஒத்துப் போகோணும். ஆறு கலர்ல எனக்கு நாலு பாட்டில் சீல் கூட ஒடைக்காம கெடக்குது. அந்தப் புள்ளி வெக்கற குச்சி மட்டும் வீட்டுல தெனமும் ஓடுது, எங்க பாப்பாவுக்கு கன்னத்துல திருஷ்டிப் பொட்டு வெக்கறதுக்கு.